ஓடும் அளவுகளைக் கண்டவர்

முதலாண்டில் வகைநுண்கணிதத் தேர்வொன்றில் நான் ஓர் ஏணிக் கணக்கில் வழுக்கி விழுந்தேன். சுவரில் சாய்ந்த ஏணியின் நீளம் 10 மீட்டர். அடிப்பக்கம் சுவரை விட்டு நொடிக்கு 2 மீட்டர் விலகுகிறது. அது 6 மீட்டர் தொலைவில் இருக்கும்போது உச்சி என்ன வேகத்தில் இறங்கும்? நான் 6, 8 என்ற எண்களை முதலிலேயே போட்டுவிட்டு, பிறகு வகையிட்டேன். மாறிலியை வகையிட்டால் பூச்சியந்தானே! இறங்க வேண்டிய ஏணி அப்படியே நின்றுவிட்டது, மதிப்பெண்ணும் நின்றது. ஐயத்தை ஆசிரியரிடம் கேட்கவோ கூச்சம். நூலகத்தில் சர் ஐசக் நியூட்டனின் வரலாற்றைத் தேடி எடுத்தேன்.

அன்றைய ஆங்கில நாட்காட்டிப்படி 1642 டிசம்பர் 25 அன்று, லிங்கன்ஷயரின் ஊல்ஸ்தார்ப் என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். பிறக்குமுன்பே தந்தை இறந்தார். மூன்று வயதில் தாய் மறுமணம் செய்துகொள்ள, பாட்டியிடம் வளர்ந்தார். உழவுக்கு அனுப்பினார்கள், மனம் அதில் செல்லவில்லை. 1661இல் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியில், பணிவிடை செய்து படிக்கும் ஏழை மாணவராகச் சேர்ந்தார்.

1665இல் கொள்ளைநோய் பரவிப் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. ஊர் திரும்பிய அந்த இளைஞர், வளைகோட்டை நகரும் புள்ளியின் தடமாகக் கண்டார். அளவுகள் காலத்தோடு ஓடுகின்றன. ஓட்டத்தின் வேகமே ஃபிளக்ஷன். ஓடும் அளவுகளின் தொடர்பு தெரிந்தால் அவற்றின் வேகங்களின் தொடர்பைக் காணலாம். 1666 அக்டோபரில் இதை ஒரு கட்டுரையாக எழுதினார். 1669இல், 26 வயதிலேயே, கேம்பிரிட்ஜில் கணிதப் பேராசிரியரானார்.

படித்தபோது என் பிழை விளங்கியது. ஓடுவதை ஓடவிட்டே தொடர்பு எழுத வேண்டும். தொலைவின் வர்க்கமும் உயரத்தின் வர்க்கமும் சேர்ந்து 100. காலத்தைப் பொறுத்து வகையிட்டால், தொலைவையும் அதன் வீதத்தையும் பெருக்கிய தொகையோடு, உயரத்தையும் அதன் வீதத்தையும் பெருக்கிய தொகையைக் கூட்டினால் பூச்சியம். இப்போதுதான் எண்களைப் போட வேண்டும். 6ஐ 2ஆல் பெருக்கினால் 12; 8ஆல் வகுத்தால் 1.5. உச்சி நொடிக்கு 1.5 மீட்டர் இறங்குகிறது!

ஆனால் ஓட்டத்தைக் கண்ட அம்மேதை, தம் கண்டுபிடிப்பை ஓடவிடவில்லை. 1671இல் எழுதிய விரிவான நூலை வெளியிடாமல் வைத்திருந்தார். ஜெர்மனியின் லைப்னிட்ஸ் தாமே கண்ட முறையை 1684இல் அச்சிட்டார். முதலில் கண்டவர் யார் என்று பெரும்பூசல் எழுந்தது. 1712இல் ராயல் சொசைட்டி அமைத்த குழு நியூட்டன் பக்கமே தீர்ப்பளித்தது. சங்கத்தின் தலைவரும் அவரே, அறிக்கையைப் பெரும்பாலும் எழுதியவரும் அவரே! இருவரும் தனித்தனியே கண்டனர் என்பதே இன்றைய அறிஞர் கருத்து. 1727இல் அவர் மறைந்தார். அந்நூல் அச்சேறியது 1736இல்தான்.

இதைப் படித்து முடித்த மறுநாள், திருத்திய விடைத்தாளுடன் ஆசிரியரிடம் சென்றேன். பூட்டி வைத்த அறிவும் சரி, பூட்டி வைத்த ஐயமும் சரி, யாருக்கும் பயன்படுவதில்லை, நண்பர்களே!