கரிசல் மண்ணின் சொல்லுலை

கயத்தாற்றுக்கு வடகிழக்கே, கரிசல் சூழ்ந்த எட்டயபுரத்தில் 1882இல் பிறந்தவர் பாரதியார். மேனாட்டுப் பொறிநுட்பத்தில் ஈடுபாடுற்ற தந்தை சின்னசாமி ஐயர் ஊரில் பஞ்சாலை நிறுவினார், அது நொடித்தது. 1898இல் அவரும் மறைந்தார். பொறிகளோடு வந்த ஆங்கிலமே பின்னாளில் மகனுக்குப் பிழைப்பாயிற்று. 1904இல் சுதேசமித்திரனில் உதவியாசிரியராகி, ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கினார். ருஷியப் புரட்சியைப் பாடினார்; இரும்பு உருக்கும் தொழிலாளரையும் போற்றினார். உலகக் கலைகள் யாவும் தமிழுக்கு வரவேண்டும் என விழைந்த அவரையே ‘மெம்பர்’ என்னும் ஒரு சொல் தடுத்து நிறுத்தியது. அவயவி, சபிகன், உறுப்பாளி எனப் பலவும் எண்ணினார். எதுவும் பொருந்தவில்லை. மெம்பர் என்றே எழுதினார். அத்தோல்வியையும் மறைக்காமல் பதிவு செய்தார். போலிச் சொல்லினும் நேர்மையான வெற்றிடம் மேல் என்பது அவர் காட்டிய நெறி. 1921இல் அவர் மறைந்தார். அவ்வெற்றிடத்தில் பின்னர் வந்தமர்ந்த சொல்லே இலக்கிய வட்டங்கள்தோறும் வழங்கும் ‘உறுப்பினர்’.