கோர்பெட்டின் துப்பாக்கியும் வெற்றுக் கோதுகளும்

வில்பத்துக் காட்டின் விளிம்பில் அமைந்துள்ள எலுவன்குளம், வண்ணாத்திவில்லு போன்ற புத்தளம் மாவட்டக் கிராமங்களில் வாழும் நம்மவர்கள், யானையையும் சிறுத்தையையும் நூல்களில் படித்து அறிய வேண்டியதில்லை. பயிரைக் காக்க இரவில் கண்விழிக்கும் விவசாயிக்குத் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற வேறுபாடு கிடையாது. கட்டுத்துவக்கும் இடியன் துப்பாக்கியும் அவருக்குப் பழகிப்போன சொற்கள். கொல்லாமல் காயப்படுத்திவிட்டுப் போகும் ஒரு சூடு, காட்டு விலங்கை என்னவாக மாற்றிவிடுகின்றது என்பதை அனுபவத்தால் அறிந்து எழுதிய ஒருவரின் வாழ்க்கையை இன்று நினைவுகூர விரும்புகின்றோம். அவர்தான் ஜிம் கோர்பெட்.

1875 ஜூலை 25இல் இமயமலை அடிவாரத்து நைனித்தாலில் அவர் பிறந்தார். தந்தை அவ்வூர்த் தபாலதிபர். 1881இல் தந்தை காலமானபோது ஜிம்முக்கு ஆறு வயதுகூட நிறைவடைந்திருக்கவில்லை. பெரிய குடும்பம், சிறிய வருமானம். குளிர்காலத்தில் குடும்பம் இறங்கிவரும் காலாதுங்கிக் காடே அவருக்கு உண்மையான பாடசாலையாயிற்று. முதலில் கைக்குக் கிடைத்த துப்பாக்கியோ, ஒரு குழல் வெடித்துப் போன பழைய இரட்டைக் குழல் வாய்த்திணிப்புத் துப்பாக்கி.

தொண்டர் படையில் சிறுவர் அணியில் பயின்றபோது அவருக்கு மார்ட்டினி ரைபிள் ஒன்று இரவலாகக் கிடைத்தது. துப்பாக்கியைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், சுட்டபின் எஞ்சும் வெற்றுக் கோதுகளைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பவையே நிபந்தனைகள். வெற்றுக் கோதுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று வாசகர்கள் கேட்கலாம். தோட்டாவின் விலையுயர்ந்த பாகமே அந்தப் பித்தளைக் கோதுதான். வெடிமருந்தும் சன்னமும் ஒருமுறையோடு தீர்ந்துவிடும். கோதோ மீண்டும் மீண்டும் பயன்படும். அதைவிட முக்கியமாக, ஒரு கோதிலிருந்து இன்னொரு தோட்டாவையே உருவாக்கலாம். மார்ட்டினி-ஹென்றித் தோட்டா அவ்வாறு பிறந்ததே. அதற்கு முந்திய ஸ்னைடர் ரைபிளின் .577 அங்குலக் கோதின் அகன்ற அடிப்பாகத்தை வைத்துக்கொண்டு, கழுத்தை .450 அங்குலத்துக்கு ஒடுக்கினார்கள். குடம் போன்ற வயிறும் குறுகிய கழுத்தும் கொண்ட அந்த வடிவத்தால், குறைந்த நீளத்தில் நிறைய மருந்தை அடைக்க முடிந்தது.

இக்கைத்தொழிலின் நுட்பம் நம் ஊர்க் கன்னாருக்குப் புதிதன்று. பித்தளையை நெருக்க நெருக்க அது இறுகும். பொறுமையின்றி அழுத்தினால் கழுத்து வெடிக்கும். எனவே கழுத்தை மட்டும் அனலில் காட்டி இளக்கி, எண்ணெய் பூசி, அச்சுக்குள் படிப்படியாகச் செலுத்தி, மிஞ்சிய நீளத்தைச் சீவுகின்றார்கள். அடிப்பாகத்தில் மட்டும் அனல் படக்கூடாது. அங்கே உலோகம் இளகினால் அது வெடியின் அழுத்தத்தைத் தாங்காது. சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து.

பதினெட்டு வயதளவில் ரயில்வேப் பணியில் சேர்ந்த கோர்பெட், கங்கைக் கரையில் மொகாமே காட்டில் சரக்கு மாற்றும் ஒப்பந்தத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். அங்கு தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை தொடங்கியபோது, உயர்சாதிப் பிள்ளைகள் ஏனையோருடன் ஒரே குடிசைக்குள் அமர முடியாது என்ற சிக்கல் எழுந்தது. பாடசாலை ஆசிரியர் சுவர்களை அகற்றிவிட்டார். சுவரற்ற கொட்டகையில் அமர எவருக்கும் தடையிருக்கவில்லை! துப்பாக்கிக்கு அப்பால் கோர்பெட்டை அறிய விரும்புவோர் இந்த அத்தியாயத்தைத் தவறவிடலாகாது.

1907இல் சம்பாவத் புலியைத் தேடிச் சென்றார். 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட பெண்புலி அது. தலைக்கு அறிவித்த பரிசை நீக்க வேண்டும், ஏனைய வேட்டைக்காரர்கள் விலக வேண்டும் என்பன அவர் விதித்த நிபந்தனைகள். இறுதி நாளில் அவரிடமிருந்தவை மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்தபின்னும் புலி நின்றது. ஓடிச்சென்று தாசில்தாரின் பழந்துப்பாக்கியை வாங்கிச் சுட்டார். குழலும் பின்கட்டையும் சரியாகப் பொருந்தாத கருவி அது; வாயைக் குறிவைத்த சூடு பாதத்தில் பட்டது. ஆயினும் ஏற்கெனவே பட்ட காயங்களால் புலி வீழ்ந்தது. பிறகு வாயைத் திறந்து பார்த்தபோது வலப்புற மேல், கீழ்க் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. முன்பு எவரோ சுட்ட சூட்டின் விளைவு அது. இயற்கையான இரையை வீழ்த்த இயலாமற்போனதாலேயே அது மனிதரை நாடியது என்று அவர் முடிவு செய்தார். 436 உயிர்களின் கணக்கு, குறி பிசகிய ஒரு சூட்டில் தொடங்கியிருக்கின்றது.

அதற்காக ஐக்கிய மாகாணத் துணை ஆளுநர் சேர் ஜோன் ஹியூவெட் அவருக்கு ரிக்பி நிறுவனத்தின் .275 ரைபிளைப் பரிசளித்தார். அதன் தோட்டாவுக்குப் பெயர்தான் ஆங்கிலேயப் பெயர். 1892இல் ஜெர்மனியின் மவுசர் உருவாக்கிய ஏழு மில்லிமீற்றர்த் தோட்டாவே அது. அமெரிக்கத் துப்பாக்கி ஆர்வலர்கள் அதே கோதின் கழுத்தை மேலும் ஒடுக்கி உருவாக்கிய .257 ரொபர்ட்ஸ் தோட்டாவை 1934இல் ரெமிங்டன் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. கோர்பெட் கையாண்ட மற்றொரு ரைபிளான .450/400இன் பெயரிலேயே அதன் பிறப்பு தெரிகின்றது. இந்தியாவில் அரசே இத்தொழிலை ஊக்குவித்தது என்றும் சொல்லலாம். பழைய மார்ட்டினிகளுக்குத் தோட்டா கிடைத்துவிடும் என்றஞ்சி, 1907ஆம் ஆண்டளவில் .450 வகையைப் பிரித்தானிய அரசு தடைசெய்தது. உடனே துப்பாக்கி நிறுவனங்கள் .500 கோதை ஒடுக்கி .470 தோட்டாவைச் செய்தன. சட்டம் கதவை மூடினால் பட்டறை ஜன்னலைத் திறக்கும் என்பதை அன்றைய அதிகாரிகள் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாகைச் சிறுத்தையை 1926இல் வீழ்த்தியது அந்த ரிக்பியே. அதற்கு இரண்டாண்டு முன்னர் நம் நாட்டிலும் புணாணையில் மனிதரைக் கொன்றுவந்த சிறுத்தை ஒன்றைக் கப்டன் ஷெல்டன் ஏகார் சுட்டார். அதன் பாடம் செய்த உடல் கொழும்பு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

கோர்பெட்டைப் புனிதராக்க நாம் விரும்பவில்லை. எவருக்கும் தீங்கு செய்யாத போவல்கர் புலியை 1930இல் அதன் பருமனுக்காகவே சுட்டவர் அவர். ஆட்சியாளர்களுக்கு வேட்டை ஒழுங்கு செய்தவரும் அவரே. எனினும் அதே ஆண்டுகளில் அவர் கை துப்பாக்கியிலிருந்து ஒளிப்படக் கருவிக்கு மாறியது. 1936இல் ஹெய்லி தேசியப் பூங்கா உருவாவதற்கு அவரும் உழைத்தார். பின்னாளில் அது அவர் பெயரையே பெற்றது. இலங்கையில் 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. மறு ஆண்டில் வில்பத்து தேசியப் பூங்காவாயிற்று.

1947இல் சகோதரி மேகியுடன் கென்யா சென்ற அவர், 1955 ஏப்ரல் 19இல் நியேரியில் காலமானார். அவரது நூல்களை வெளியிட்ட ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் காவலில் நெடுங்காலம் இருந்த அந்த ரைபிளை, 2015இல் ரிக்பி நிறுவனமே திரும்ப வாங்கிக்கொண்டது.