இரைச்சலை வென்ற கிரகாம் பெல்

டெலிபோனைக் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல். இது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஆனால், இன்று கம்ப்யூட்டர்களை இணைக்கும் கேபிளுக்குள்ளும் அவருடைய யோசனை ஒன்று ஒளிந்திருக்கிறது. அது பலருக்குத் தெரியாது.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் இப்போது கம்ப்யூட்டர் வழியே நடைபெறுகிறது. தேனி முதல் கூடலூர் வரை கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் பாங்கு, பள்ளிக்கூடம், பத்திரப் பதிவு அலுவலகம் எல்லாவற்றிலும் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அவற்றை இணைக்கும் லேன் கேபிளை வெட்டிப் பார்த்தால் உள்ளே 8 கம்பிகள் இருக்கும். அவை இரண்டிரண்டாக, கயிறு திரித்தாற்போல் முறுக்கப்பட்டிருக்கும்.

டெலிபோன் கம்பிகளை இப்படி முறுக்கிப் போடும் முறைக்கு 1881-ம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றவர் பெல்.

தாயின் நெற்றி

பெல் 1847-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தை, பேச்சுக் கலை போதித்த ஆசிரியர். தாய்க்குக் காது சரியாகக் கேட்காது. மற்றவர்கள் அந்த அம்மாளிடம் உரக்கக் கத்துவார்கள். சிறுவன் பெல்லோ, தாயின் நெற்றி அருகே வாயை வைத்து, தாழ்ந்த குரலில் பேசுவான். ஒலியின் அதிர்வு தாய்க்கு எட்டிவிடும். ஒலியைப் பற்றி அவன் கற்ற முதல் பாடம் அதுவே.

அண்ணன், தம்பி இருவரையும் காசநோய் கொண்டு போயிற்று. மிஞ்சிய ஒரே மகனையாவது காப்பாற்ற வேண்டும் என்று பெற்றோர் 1870-ல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தனர். மறு ஆண்டு பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்று, காது கேளாத குழந்தைகளுக்கு ஆசிரியரானார். அவரிடம் பாடம் கற்ற மேபல் என்ற பெண்ணையே பின்னர் மணந்துகொண்டார். மேபல், 5 வயதில் கண்ட காய்ச்சலால் கேட்கும் சக்தியை அடியோடு இழந்தவர்.

கம்பியில் குரல்

பகலில் பாடம், இரவில் ஆராய்ச்சி என்று பெல் உழைத்தார். தாமஸ் வாட்சன் என்ற இளைஞர் உதவியாளராக வாய்த்தார். 1876 மார்ச் 7-ந் தேதி டெலிபோனுக்குக் காப்புரிமை கிடைத்தது. மூன்றாம் நாள், பக்கத்து அறையில் இருந்த வாட்சனைத் தம்மிடம் வரச் சொல்லிப் பெல் பேசியது கம்பி வழியே தெளிவாகக் கேட்டது. வாட்சன் ஓடி வந்தார்.

உலகம் வியந்தது. தொல்லையும் உடனே தொடங்கியது.

அந்நாளில் டெலிபோனுக்கு ஒரே கம்பிதான். மின்சாரம் கம்பி வழியே போகும்; பூமி வழியே திரும்பி வரும். அருகில் தந்திக் கம்பி ஓடினால், தந்தியின் கட்கட ஓசை டெலிபோனில் வந்து விழும். பக்கத்து டெலிபோன் கம்பியில் யாரோ பேசுவதும் கேட்கும். பேச்சை விட இரைச்சல் மிகுந்தது. கருவியில் ஒரு பழுதும் இல்லை. பழுது கம்பியில் இருந்தது.

முறுக்கிய கம்பி

வெளியிலிருந்து வரும் இரைச்சலைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. அதைத் தடுக்காமலே வெல்ல வழி உண்டா என்று பெல் யோசித்தார்.

பூமியைக் கைவிட்டு, போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்று இரண்டாக்கினார். இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கினார். முறுக்கிய கம்பிகளில் எதுவும் எப்போதும் இரைச்சலுக்கு அருகிலேயே இருப்பதில்லை. இந்த இடத்தில் இது அருகில் என்றால், அடுத்த முறுக்கில் அது அருகில். ஆகவே இரண்டிலும் இரைச்சல் சம அளவில் விழுகிறது. டெலிபோனோ இரண்டு கம்பிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே ஒலியாக மாற்றும். சமமான இரைச்சலில் வித்தியாசம் இல்லை. அது தானாகக் கழிந்துபோகிறது. பேச்சு மட்டும் நிற்கிறது.

இதற்கான காப்புரிமை 1881 ஜூலை 19-ந் தேதி வழங்கப்பட்டது.

ஜனாதிபதியின் உடலில் குண்டு

அந்த நாட்களில் பெல்லின் மனம் வேறிடத்தில் இருந்தது. ஜூலை 2-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டார். குண்டு உடலுக்குள் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எக்ஸ்ரே இல்லாத காலம் அது.

கம்பி இரைச்சலை ஆராய்ந்தபோது பெல் ஒன்றைக் கவனித்திருந்தார். இரண்டு கம்பிச் சுருள்களைச் சமன் செய்து வைத்தால் டெலிபோனில் ஒலி இராது. அருகில் ஓர் உலோகத் துண்டைக் கொண்டுவந்தால் சமன் கெட்டு ஒலி எழும். இதைக் கொண்டு குண்டைத் தேடும் கருவி ஒன்றைச் செய்தார்.

ஜூலை 26-ந் தேதி முதல் சோதனை. கருவியில் ஒரே கரகரப்பு. ஓர் உறுப்பைத் தவறாக இணைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அதைத் திருத்தி, ஆகஸ்டு 1-ந் தேதி மீண்டும் முயன்றார். இப்போது உடலில் பரவலாக மெல்லிய ஒலி கேட்டது. குண்டு இருக்கும் இடம் புலப்படவில்லை. ஜனாதிபதியின் மெத்தைக்குக் கீழே எஃகுச் சுருள்கள் கொண்ட இன்னொரு மெத்தை இருந்ததை அவர் பின்னரே அறிந்தார்.

தலைமை டாக்டரோ, குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்பினார். அந்தப் பக்கத்தில் மட்டுமே சோதனை நடந்தது. செப்டம்பர் 19-ந் தேதி கார்பீல்டு இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கம் இருந்தது. கழுவாத விரல்களையும் கருவிகளையும் காயத்துக்குள் விட்டதால் ஏற்பட்ட சீழே அவர் உயிரைக் குடித்தது என்பது இன்று பலரும் ஒப்புக்கொண்ட முடிவு.

மகனின் மரணம்

இதற்கிடையே பெல்லின் வீட்டிலும் இடி விழுந்தது. ஆகஸ்டு 15-ந் தேதி மேபலுக்குக் குறைமாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. மூச்சு விட முடியாமல், சில மணி நேரத்திலேயே இறந்தது. பெல் துக்கத்தில் மூழ்கிக் கிடக்கவில்லை. தாமாக மூச்சுவிட முடியாதவர்களுக்கு உதவ, மார்பைச் சுற்றி மாட்டும் உலோகக் கவசம் ஒன்றைச் செய்தார். பிற்காலத்தில் நோயாளிகளைப் பிழைக்க வைத்த இரும்பு நுரையீரலுக்கு அது முன்னோடி.

இன்றைய பழுது

1999-ல் வகுக்கப்பட்ட முறைப்படி, வினாடிக்கு 1,000 மெகாபிட் வேகம் வேண்டுமானால் லேன் கேபிளின் 4 ஜோடிகளும் உழைக்க வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 2 ஜோடி போதும். ஆகவே மற்ற ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தால், பல கம்ப்யூட்டர்கள் சத்தமின்றி 100-க்கு இறங்கிவிடும். சில இணையவே மறுக்கும். பழி நெட்வொர்க் கார்டின் மேல் விழும்.

கார்டை மாற்றுமுன் கம்பியைப் பார்க்க வேண்டும். எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். நல்லதென்று தெரிந்த வேறொரு கேபிளைச் செருகிப் பார்க்கலாம். அடுத்து, சுவிட்ச் பெட்டியில் வேறு துளை. பிறகு, கார்டை இயக்கும் டிரைவர். கடைசியில்தான் கார்டு.

இன்னொரு மறைவான பழுதும் உண்டு. கேபிள் முனையில் 3-ம் கம்பியும் 6-ம் கம்பியும் ஒரு ஜோடி. இது தெரியாதவர்கள் 3-ஐயும் 4-ஐயும் ஜோடியாக்கி, 5-ஐயும் 6-ஐயும் ஜோடியாக்கி இரு முனையிலும் பொருத்திவிடுவார்கள். சோதனைப் பெட்டியில் 8 விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் போக ஒரு முறுக்கு, வர ஒரு முறுக்கு என்றாகிவிடும்; இரைச்சல் கழியாது. முனையில் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் தொல்லை தீராவிட்டால், கேபிள் போகும் வழியைப் பார்க்க வேண்டும். மோட்டாரையும் மின்சார ஒயரையும் ஒட்டிப் போகிறதா? கார்பீல்டின் மெத்தைக்குக் கீழே பார்க்கத் தவறியதால் பெல் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நிமிட மௌனம்

பெல் 1922 ஆகஸ்டு 2-ந் தேதி, 75-வது வயதில் கனடாவில் காலமானார். ஆகஸ்டு 4-ந் தேதி மாலை அவர் உடலை அடக்கம் செய்தபோது, அமெரிக்காவிலும் கனடாவிலும் டெலிபோன்கள் அனைத்தும் ஒரு நிமிடம் நிறுத்தப்பட்டன.

கம்பியின் இரைச்சலை அடக்கப் பாடுபட்டவருக்கு, அந்தக் கம்பிகள் மௌனமாக அஞ்சலி செலுத்தின.