கதிரவனைப் பயின்ற எவர்ஷெட்

கதிரவனின் காந்தப்புலத்தை இன்று விண்கலங்கள் நாள்தோறும் வரைபடமாக்குகின்றன. அதற்கு நெடுங்காலம் முன்பே, 2,300 மீட்டருக்கும் மேலான உயரத்திலுள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் கதிரவனின் ஒளியை ஆராய்ந்தவர் ஜான் எவர்ஷெட்.

1864இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், தொழில் நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்துகொண்டே ஓய்வு நேரங்களில் கதிரவனை ஆராய்ந்தார். 1907இல் மனைவி மேரியுடன் கொடைக்கானல் வந்தார். மேரியும் வானியல் கற்றவர். கணவரின் ஆய்வுகளுக்குத் துணைநின்றவர்.

கதிரவனின் கரும்புள்ளிகளில் வலிமைமிக்க காந்தப்புலம் இருப்பதை 1908இல் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் எல்லரி ஹேல் கண்டறிந்தார். மின்னூட்டம் பெற்ற வளிமம் சூறாவளிபோல் சுழல்வதே அதற்குக் காரணம் என்று அவர் கருதினார்.

1909 ஜனவரியில் எவர்ஷெட் பெரிய கரும்புள்ளிகளின் நிறமாலையைப் படமெடுத்தார். நம்மை நோக்கி வரும் வளிமத்தின் நிறமாலைக் கோடுகள் ஊதாப் பக்கமும், விலகிச் செல்லும் வளிமத்தின் கோடுகள் சிவப்புப் பக்கமும் நகரும். அந்நகர்வுகளை அளந்தபோது, வளிமம் சுழலவில்லை என்பதும், புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கி நொடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வேகத்தில் பரவுகிறது என்பதும் புலனாயின. ஹேலின் கண்டுபிடிப்பைப் போற்றிய எவர்ஷெட், அவருடைய சுழற்சிக் கருத்துடன் தம் முடிவு பொருந்தவில்லை என்பதையும் மறைக்காது எழுதினார். காந்தப்புலமும் வளிமப் பரவலும் உண்மையே எனப் பின்னாளைய ஆய்வுகள் உறுதிசெய்தன. சுழற்சி விளக்கமோ நிலைபெறவில்லை. அவ்வளிமப் பரவல் இன்று ‘எவர்ஷெட் விளைவு’ எனப்படுகிறது.

1911 முதல் 1923 வரை ஆய்வகத்தின் இயக்குநராக விளங்கிய அவர், கால்சியம் உமிழும் ஊதா ஒளியில் கதிரவனைப் படமெடுக்கும் பணியைச் செம்மைப்படுத்தினார். 1918இல் இலண்டன் அரச வானியல் கழகம் தங்கப் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. முதல் செயற்கைக்கோள் விண்ணேறுவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன், 1956 நவம்பரில் அவர் மறைந்தார்.

ஆயினும், அவர் போற்றி வளர்த்த பணி ஆய்வகத்தில் தொடர்ந்தது. படங்கள் நூறாண்டுக் கருவூலமாயின. கால்சியம் ஒளியில் பொலிந்து தோன்றும் பகுதிகள் பெரும்பாலும் காந்தப்புலம் மிக்கவை. 2010இல் ஏவப்பட்ட சோலார் டைனமிக்ஸ் அப்சர்வேட்டரி போன்ற விண்கலங்களின் அளவீடுகள், பொலிவுக்கும் காந்தப்புலத்துக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக்குகின்றன. அத்தொடர்பின் துணையால், விண்கலம் இல்லாக் காலத்தின் காந்த வரைபடங்களைக் கொடைக்கானல் படங்களிலிருந்து அறிஞர்கள் மீட்டெடுக்கின்றனர். இன்றைய விண்கலங்களால் திரும்பிச் சென்று காண இயலாத கதிரவனை, அன்றைய கண்ணாடித் தகடுகள் காத்து வைத்துள்ளன.