சிப்பாயாகச் சேர்ந்து சீமையை ஆண்ட கான்சாகிபு

மதுரைச் சீமையை ஆண்ட கான்சாகிபு அரண்மனையில் பிறந்தவர் அல்ல. பட்டாளத்தில் சிப்பாயாகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்தவர்.

இவரது இயற்பெயர் மருதநாயகம். ராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த பனையூரில், 1725-ம் ஆண்டு வாக்கில் பிறந்தார் என்பார்கள். இஸ்லாத்தைத் தழுவி முகமது யூசுப்கான் ஆனார்.

பட்டாளத்தில் சேர்ந்தார்

அப்போது ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டி நடந்தது. ஒருவருக்கு ஆங்கிலக் கம்பெனி துணை நின்றது. மற்றவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை நின்றார்கள். கப்பலில் வந்த வெள்ளைச் சிப்பாய்கள் கொஞ்சம் பேர்தான். ஆகவே, உள்ளூர் ஆட்களுக்குத் துப்பாக்கி கொடுத்துப் பயிற்சி அளித்தார்கள்.

1752-ல் யூசுப்கான், கிளைவின் படையில் சேர்ந்தார். திருச்சி முற்றுகையின்போது, எதிரிகளுக்குத் தப்பி உணவு வண்டிகளைக் கொண்டு வந்து சேர்த்தார். 1754-ல் கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதி ஆனார். தங்கப் பதக்கமும் பெற்றார்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை வளைத்தார். வெளியே இருந்து பிரெஞ்சுப் படையைத் தாக்கி, அதற்கு ஓயாத தொல்லை கொடுத்தவர் யூசுப்கான். 1759 பிப்ரவரியில் முற்றுகை முறிந்தது.

மதுரையில் ஆட்சி

மதுரை, நெல்லைச் சீமைகளின் நிர்வாகம் அவரிடம் வந்தது. கம்பெனிக்காகப் பூலித்தேவருடன் போரிட்டு, 1761-ல் நெற்கட்டும்செவலைப் பிடித்தார். இந்த மண்ணின் வீரரை இந்த மண்ணின் மைந்தரே வீழ்த்தினார். அது அவர் வாழ்வில் விழுந்த கறை.

அதே கைதான் கண்மாய்களையும் செப்பனிட்டது. மீனாட்சி அம்மன் கோவில் மானியங்களுக்கும் உயிர் கொடுத்தது. வரிப்பணம் ஒழுங்காக வந்தது. செல்வாக்கும் வளர்ந்தது.

அது நவாப் முகமது அலியின் கண்ணை உறுத்தியது. யூசுப்கான் தன் வேலைக்காரர்தான் என்றார் நவாப். கம்பெனியும் நவாப் பக்கம் சாய்ந்தது. தான் ரத்தம் சிந்திக் காத்த கம்பெனியே கைவிட்டதால், 1763-ல் யூசுப்கான் எதிர்த்து நின்றார்.

தூக்குமேடை

மதுரைக் கோட்டையை முதல்முறை வளைத்த படை பிடிக்க முடியாமல் திரும்பியது. 1764 ஜூன் 26-ந் தேதி நடந்த பெரும் தாக்குதலையும் அவர் முறியடித்தார். எதிரியால் முடியாததைக் கூட இருந்தவர்கள் செய்தார்கள். அக்டோபரில் திவான் சீனிவாசராவும் பிரெஞ்சு அதிகாரி மர்ச்சாந்தும் சேர்ந்து, அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். 15-ந் தேதி தூக்கிலிடப்பட்டார்.

இதே கதை கடலுக்கு அப்பாலும் நடந்தது. 1775-ல் தொடங்கிய அமெரிக்கச் சுதந்திரப் போரில், வாஷிங்டன் முதலில் கறுப்பர்களைப் படையில் சேர்க்க மறுத்தார். ஆள் குறைந்ததும் சேர்த்துக்கொண்டார். சுமார் 5,000 கறுப்பர்கள் போராடினார்கள். பலர் விடுதலை பெற்றார்கள். சிலரோ மீண்டும் அடிமை ஆக்கப்பட்டார்கள்.

தங்கவயலுக்குப் பக்கத்தில் உள்ள பூதிகோட்டையில் பிறந்த ஐதர் அலியும், மைசூர்ப் படையில் சேர்ந்து முன்னேறியவர்தான். 1761-ல் மைசூர் அவர் கைக்கு வந்தது. அவருக்கு அரியணை, கான்சாகிபுவுக்குக் கயிறு.

அவரது சமாதி மதுரை சம்மட்டிபுரத்தில் இருக்கிறது. ஊருக்குப் போகும் அன்பர்கள் ஒருமுறை பார்த்து வரலாம்.