புத்தகங்களைத் துறக்காத தபசி

அர்ச். எரோணிமுஸ் வீட்டையும் உற்றாரையும் விட்டுத் தபசுக்குப் புறப்பட்டார். ரோமையில் பாடுபட்டுச் சேர்த்த புத்தகங்களை விட மட்டும் மனம் வரவில்லை. உபவாசம் இருப்பார், முடிந்ததும் ரோமைப் பேச்சாளர் சிசரோவின் நூலை எடுப்பார்! தீர்க்கதரிசிகளின் நடையோ அவருக்குக் கரடுமுரடாய்ப் பட்டது. கடுங்காய்ச்சலில் கிடந்தபோது, தாம் கிறிஸ்தவனல்ல, சிசரோவின் சீடனென்று நியாயாசனத்தின் முன் அடிபடுவதாகக் கனவு கண்டார்.

வாசிப்பையே விட்டார் என்று நினையாதீர்கள். அந்த ஆசையை வேதாகமத்தின்மேல் திருப்பினார். சீரியா வனாந்தரத்தில், மனந்திரும்பிய யூதர் ஒருவரிடம் எபிரேயு அரிச்சுவடி படித்தார். சலித்து விட்டார், மறுபடி தொடங்கினார். 386 முதல் பெத்லேகேமில் தங்கி, பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியை எபிரேயுவிலிருந்தே லத்தீனில் பெயர்த்தார். வயோதிகத்தில் விளக்கொளியில் எபிரேயு எழுத்துத் தெரியவில்லை. கிரேக்க வியாக்கியானங்களைச் சகோதரர்கள் வாசிக்கக் கேட்டார். 420-ல் அவர் மரித்தபோது, எரேமியாஸ் ஆகமத்துக்கு எழுதிவந்த வியாக்கியானம் பாதியில் நின்றது.