மக்கள் வழக்குக்கு மதிப்புத் தந்த ஜோசப் ரைட்

ஆங்கிலம் எங்கும் ஒரே தன்மையது எனப் பாடநூல் வழி அம்மொழியைக் கற்போர் எண்ணுவது இயல்பு. ஆயினும் அது பிறந்த மண்ணிலேயே அன்றாடச் சொற்கள் வட்டாரந்தோறும் மாறுகின்றன. சிற்றோடையைத் தென்பகுதியினர் ‘புரூக்’ என்பர். யார்க்‌ஷயர் மக்கள் ‘பெக்’ என்பர். வடகோடியினரும் ஸ்காட்லாந்தினரும் ‘பர்ன்’ என்பர். சுவர்களுக்கிடையே செல்லும் ஒடுங்கிய சந்து யார்க்‌ஷயரில் ‘கின்னல்’, சசெக்சில் ‘டுவிட்டன்’. வடபுலத்தார்க்குக் குழந்தை ‘பேர்ன்’, விளையாடுதல் ‘லேக்’.

இவ்வழக்குகளைக் கல்லாதார் பேச்சு எனக் கற்றோர் பலர் ஒதுக்கிய காலத்தில், அவற்றைத் திரட்டிப் பேரகராதியாக்கிய பெருமகனார் ஜோசப் ரைட். அவரே பதினைந்து வயது வரை எழுத்தறியாத ஆலைத் தொழிலாளியாக இருந்தவர் என்பது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது.

ரைட் 1855ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் யார்க்‌ஷயரில், பிராட்ஃபோர்டு நகரையடுத்த தாக்லி என்னும் சிற்றூரில் வறிய குடும்பத்தில் பிறந்தார். ஆறு வயதிலேயே கல்லுடைக்கும் களத்தில் கழுதை வண்டியோட்டும் வேலை அவருக்கு வாய்த்தது. தொழிலாளரின் கருவிகளைக் கொல்லனிடம் கொண்டுசென்று கூர்தீட்டி வருவது அவர் பணி. ஏழு வயதில் சால்டேர் ஆலையில் சேர்ந்து, நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றி வெற்றுப் பாபின்களை மாட்டினார். பின்னர்க் கம்பளி தரம் பிரிக்கும் தொழிலாளியானார்.

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. உடன் பணியாற்றியவர் நாளிதழைப் படித்துச் செய்தி கூறக் கேட்ட ரைட்டின் உள்ளத்தில், தாமும் படிக்க வேண்டும் என்னும் வேட்கை கனன்றது. பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவுப் பள்ளியில் பயின்றார். எழுத்துடன் பிரெஞ்சும் ஜெர்மனும் இலத்தீனும் கற்றார். சில ஆண்டுகளிலேயே தாமும் ஓர் இரவுப் பள்ளி தொடங்கித் தம்மொத்த இளைஞர்க்குக் கற்பித்தார்.

1876இல், அரும்பாடுபட்டுச் சேமித்த 40 பவுண்டுடன் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தை நாடினார். செலவைக் குறைக்க வேண்டி, ஆண்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தொலைவை நடந்தே கடந்தார். நாடு திரும்பி ஆசிரியப் பணியாற்றிப் பொருளீட்டி, மீண்டும் அங்குச் சென்று 1885இல் முனைவர் பட்டம் பெற்றார். 1888இல் ஆக்ஸ்ஃபோர்டு அவரை வரவேற்றது. 1901இல் மாக்ஸ் முல்லரின் இடத்தில் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியராக அமர்ந்தார்.

உயர்ந்த இருக்கையில் அமர்ந்தும் பிறந்த மண்ணின் பேச்சை அவர் மறந்தாரல்லர். 1892இலேயே, தாம் வளர்ந்த விண்ட்ஹில் ஊரின் பேச்சுக்கு இலக்கண நூல் எழுதினார். ‘ஸ்டோன்’ என்பது அவ்வூரார் வாயில் ‘ஸ்டுவன்’ என ஒலிக்கும். ‘போன்’ என்பது ‘புவன்’ ஆகும். இது நாத்தடுமாற்றம் அன்று. பழைய ஆங்கிலத்தின் நெடில் ஒன்று ஒழுங்கான விதிப்படி அடைந்த மாற்றம். ‘பெக்’, ‘லேக்’ ஆகியனவும் சிதைவுகள் அல்ல. பல நூற்றாண்டுகளுக்கு முன் அங்குக் குடியேறிய ஸ்காண்டிநேவியர் விட்டுச் சென்ற செல்வங்கள். அரண்மனையும் அச்சகமும் கைவிட்ட தொன்மையை ஆலைத் தொழிலாளியின் நா காத்து வந்தது.

அச்செல்வமும் அழியும் நிலையில் இருந்தது. பள்ளிக் கல்வியும் இரயில் பாதையும் பரவப் பரவ, ஊர்ச்சொற்கள் முதியோருடன் மறையலாயின. அவற்றைக் காக்கவே 1873இல் ஆங்கில வட்டார வழக்குக் கழகம் தோன்றியது. அதன் தொகுப்புகளை அகராதியாக்கும் பொறுப்பு ரைட்டிடம் வந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தன்னார்வலர் எழுதியனுப்பிய சொற்சீட்டுகள் வந்து குவிந்தன. விற்குமா என்னும் ஐயம் நிலவிய நூலுக்கு ரைட் தம் சொந்தச் சேமிப்பையே முதலாக்கினார்; முன்பணம் தரும் ஆதரவாளரையும் கடிதங்கள் வழித் திரட்டினார். 1896இல் அவரை மணந்த எலிசபெத் மேரி லீ அம்மையார் இப்பணியில் உற்ற துணையானார். 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக ‘ஆங்கில வட்டார வழக்கு அகராதி’ வெளிவந்தது. பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற எழுத்தாளர் டோல்கீன், ஆக்ஸ்ஃபோர்டில் ரைட்டிடம் பயின்றவரே.

1930 பிப்ரவரி 27ஆம் நாள் அப்பெருமகனார் மறைந்தார். அவர் அகராதியோ வாழ்கிறது. ஆஸ்திரியாவின் இன்சுபுருக் பல்கலைக்கழகம் அதனைக் கணினியில் தேடத்தக்க வடிவில் வழங்கியுள்ளது.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதிக்கும் மாணவர், தம் வீட்டார் பேச்சை எண்ணி நாணுவதுண்டு. அவர்க்கு ரைட்டின் வாழ்வு விடை பகர்கிறது. பொதுமொழியை ஐயந்திரிபறக் கற்க வேண்டும். அதற்காகத் தாய் ஊட்டிய சொல்லை இழிவென எண்ண வேண்டியதில்லை. ரைட் இரண்டையும் போற்றினார். பொதுமொழி அவரை ஆக்ஸ்ஃபோர்டில் அமர்த்தியது. ஊர்மொழியோ அவர் பெயரை நிலைபெறச் செய்தது.